தலைவர் நாள்

7-2-1990, புதன்.
இன்றைய பிழை: அப்பாவின் தூக்குச்சட்டியில் ஊறுகாய் வைக்க மறந்துவிட்டேன். பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது. திரும்பிப் போகவில்லை.
நாளைய வேலை:

அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. கோதைநாயகி டைரியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு மூன்றாவது மிஷினில் போய் உட்கார்ந்தாள். ராஜபாளையத்தில் ஒரு மாடியில் நடந்த அந்தச் சாயங்கால டைப்ரைட்டிங் வகுப்பில் மிஷின்கள் குறைவு, காத்திருப்பு அதிகம். காத்திருக்கும்போதே டைரி எழுதிவிடுவது அவள் வழக்கம்.

செய்த பிழை ஒன்று, மறுநாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று. நாளுக்கு இந்த இரண்டு வரிதான். அப்பா தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போட்ட சட்டம் அது. கோதை அங்கே படித்தவள் இல்லை. இருந்தாலும் எழுதினாள். பிழை வரிக்கு அவளுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. "தப்பக் கண்டுபிடிக்கிறதுல நீ கெட்டிக்காரி. திருத்துறதுலதான் செத்த மந்தம்" என்பார் அப்பா.

பாதித் தாள் அடித்திருப்பாள். மாடிப்படிப் பக்கம் யாரோ அவள் பெயரைக் கேட்டார்கள். அப்பாவின் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் சுந்தரபாண்டியன். ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாம்மா. சாருக்கு ஒடம்பு முடியல."

"என்ன செய்து?"

"வா. போற வழியில சொல்லுதேன்."

வழியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய டி.வி.எஸ். 50-இன் பின்னால் உட்கார்ந்திருந்த கோதைக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. வலது தோளில் சட்டை கிழிந்திருந்தது. கிழிசலின் ஓரத்தில் பச்சைப் பெயின்ட் செதில்கள் ஒட்டியிருந்தன. மில் கேட்டைத் தாண்டும்வரை அவள் அந்தச் செதில்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் அறைக் கதவு பச்சை. பள்ளிக்கூடத்தில் வேறு எந்தக் கதவுக்கும் பெயின்ட் கிடையாது.

கதவை உடைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் அந்தக் கதவுக்கு முன்னால்தான் அவள் நின்றிருந்தாள்.

அப்பா ஸுந்தரராஜன், மம்சாபுரத்துக்கு அப்பால் நொச்சிக்கண்மாய் உயர்நிலைப்பள்ளிக்குத் தலைமையாசிரியர். அவர் போவதற்கு முன் பத்தாம் வகுப்பில் பாஸான பிள்ளைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். இப்போது பெயிலாகிற பிள்ளைகளை எண்ண ஒரு கை போதும். ஆனால் அவருக்கு அதில் திருப்தி இல்லை. "நான் இருக்கிறதுனால நடக்கிற பள்ளிக்கூடம் ஒரு பள்ளிக்கூடமா? மாத்தல் ஆர்டர் வந்த மறுநாளே சந்தைக்கடை ஆயிரும்" என்பார். அதற்காக அவர் கண்டுபிடித்ததுதான் தலைவர் நாள்.

மாதத்தில் ஒரு நாள் எல்லாருக்கும் முந்திப் போய்த் தன் அறைக்குள் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். ஜன்னலையும் சாத்திவிடுவார். எட்டிப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது என்பார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்பிலிருந்து அவர் தேர்ந்தெடுத்த ஒரு பிள்ளையின் பொறுப்பு. மணி, பிரேயர், வராத வாத்தியாரின் வகுப்பு, அடிதடி எல்லாமே அந்தப் பிள்ளைதான் பார்க்க வேண்டும். யாரும் அவர் கதவைத் தட்டக் கூடாது. ஸ்டூலில் வைத்த சாப்பாட்டை, பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு அவரே கதவைத் திறந்து எடுத்துக்கொள்வார். சாயங்காலம் நாட்டுப்பண் முடிந்ததும் தலைவர் மூன்று தட்டுத் தட்டி, "இன்றைய பள்ளி முடிந்தது, சார்" என்று சொன்னால் வெளியே வருவார்.

போன மாதம் அவர் ஒரு வேலை செய்தார். நடுப்பகலில் நாற்காலியை வேண்டுமென்றே தள்ளிவிட்டார். அன்றைய தலைவன் பதறிப்போய் ஓடிவந்து கதவைத் தட்டினான். அப்பா கதவைத் திறந்து, "நாற்காலி விழுந்ததுக்கே பள்ளிக்கூடத்த விட்டுட்டு வந்துட்டியேலே, நான் விழுந்தா என்ன செய்வ?" என்று கேட்டார். ஊரே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

இன்றைக்குத் தலைவர் நூர்பானு. சைக்கிள் கடை காதரின் மகள், முதல் பெண் தலைவர். கோதை தூக்குச்சட்டியோடு போனபோது சட்டையில் நீல ரிப்பன் குத்தி விறைப்பாக நின்றிருந்தாள். கோதை சட்டியை ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பும்போது பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, நாலாவது பீரியட்ல உள்ள என்னமோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. தட்டிப் பாக்கவா?"

கோதை சிரித்தாள். "தட்டிராத. போன மாசம் மாதிரி எவ ஓடி வாரான்னு காத்துக்கிட்டிருப்பாவ. மாட்டிக்கிடாத."

நூர்பானுவும் சிரித்தாள்.

டி.வி.எஸ். 50 தெருவுக்குள் திரும்பியபோது வீட்டு முன்னால் செருப்புகள் கிடந்தன. தெரு மண்ணே தெரியாத அளவுக்குச் செருப்புகள்.

அப்பாவைப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அறையிலிருந்து தூக்கிவர வேறு எதுவும் அகப்படவில்லை போல. பத்தாம் வகுப்புப் பெஞ்சு. ஓரத்தில் காம்பஸ் முனையால் யாரோ பெயரைக் கீறியிருந்தார்கள். அவருக்கு நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டிருந்தார் அவருடைய சித்தப்பா மகன் உப்பிலி. ஒரு கோடு கோணலாகப் போயிற்று. அதைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

கோதை அழவில்லை. கோணல் கோட்டைத் துடைத்த இடத்தில் வெள்ளை இன்னும் ஒட்டியிருந்தது. அதை யாராவது சரியாகத் துடைத்தால் தேவலை என்று நினைத்தாள். பிறகு இதையா நினைக்கிறோம் என்று நினைத்தாள்.

அம்மா ஸாவித்ரி தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுந்தரபாண்டியனைப் பார்த்ததும், "சாப்பிட்டாவளா?" என்று கேட்டாள்.

அவர் கிழிந்த தோளைத் தடவினார்.

"மத்தியானச் சோறு சாப்பிட்டாவளா சார்?"

"இல்லம்மா. தூக்குச்சட்டி ஸ்டூல்லயே இருந்துச்சு. நாங்க... ஏகாதசி வெரதமா இருக்கும்னு நெனச்சிட்டோம்."

"ஏகாதசிதான் போயிருச்சே," என்றாள் அம்மா. குற்றமாகச் சொல்லவில்லை. தேதியைத் திருத்துகிற குரலில் சொன்னாள்.

சுந்தரபாண்டியன் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். நாட்டுப்பண் முடிந்தது. நூர்பானு போய் மூன்று தட்டுத் தட்டினாள். பதில் இல்லை. சார் சோதிக்கிறார் என்று நினைத்து, எல்லாரையும் வரிசையில் உட்காரச் சொன்னாள். பள்ளிக்கூடமே மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை. வாத்தியார்களும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வந்து போயிற்று. கட்டடத்தின் நிழல் கொடிக்கம்பத்தைத் தாண்டிய பிறகுதான் இவருக்கு மனசு கேட்காமல் கதவை இடித்தார்.

"தரையில கெடந்தாவ. ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சு," என்றார். பிறகு, சொல்லலாமா என்று யோசித்துச் சொன்னார். "இன்னைக்கு மாதிரி பள்ளிக்கூடம் என்னைக்குமே நடந்ததில்லம்மா. ஒரு பய சத்தம் போடல."

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நெஞ்சு" என்றார். எப்போது என்று உப்பிலி கேட்டார். "பகல்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் செருப்பைத் தேடினார்.

இருட்டுவதற்கு முன் நொச்சிக்கண்மாய்ப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். யூனிபார்மை மாற்றவில்லை. உயரப்படி வரிசையாக நின்று, ஒவ்வொருவராக உள்ளே வந்து, காலைத் தொட்டுவிட்டு, மறுபக்கம் வெளியேறினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கோதை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நீல ரிப்பன் வரவில்லை.

வெளியே நாற்காலியில் சங்கிலிப்பாண்டி உட்கார்ந்திருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத்துத் தலைவர். தலைவர் நாளைத் தொடக்கத்திலிருந்தே பிடிக்காதவர். அவர் குரல் எப்போதும் தெருமுனைவரை கேட்கும்.

"பாடஞ் சொல்லிக் குடுக்கிறதுக்குக் கவர்மெண்டு சம்பளம் குடுக்கு. இவரு நாடகம் போட்டாரு. ஒரு பொட்டப்புள்ளைய வாசல்ல நிறுத்தி வச்சா அது என்ன செய்யும்? உள்ள மனுசன் துடிச்சிருக்காரு. இது ரிப்பனக் குத்திக்கிட்டு பராக்குப் பாத்துருக்கு."

"சத்தம் கேட்டுச்சாம்ல அதுக்கு?" என்றது இன்னொரு குரல்.

"கேட்டுச்சாம். அது வாயாலயே சொல்லியிருக்கு. கேட்டும் தட்டலியாம்."

கோதை ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். வெளியே போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மனதுக்குள் அந்த வாக்கியத்தைச் சரியாக அமைத்துப் பார்த்தாள். 'அவள் தட்டத்தான் கேட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன்.' வாக்கியத்தில் பிழை இல்லை. கால்தான் அசையவில்லை.

மறுநாள் காலையில் ஆயிஷா பீவி வந்தாள். நூர்பானுவின் தாய். பெண்கள் கூட்டத்துக்குள் வராமல் வேப்பமரத்தடியில் முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். கோதை அவளிடம் போனாள். துக்க வீட்டுப் பெண் தன்னைத் தேடி வருவதைப் பார்த்ததும் ஆயிஷா பீவிக்கு அழுகை வந்துவிட்டது.

"எம்புட்டு நல்ல மனுசன். எம் புள்ளைக்குச் சைக்கிள் விடப் பழக்குனதே சாருதாம்மா."

"நூர்பானு எங்க மதினி?"

"பச்சத்தண்ணி பல்லுல படல. செவுத்தப் பாத்துப் படுத்துருக்கா. 'சத்தம் கேட்டுச்சும்மா, நான் தட்டல, நாந்தான் கொன்னேன்'ங்கா. அது ஒண்ணுதான். யாரும் தட்டாதன்னு சொன்னாவளாட்டின்னு கேட்டுப் பாத்துட்டேன். 'யாரும் சொல்லல'ங்கா." ஆயிஷா பீவி மூக்கைத் துடைத்தாள். "அவ அத்தா இனிமே பள்ளிக்கூடம் வேண்டாம்னுட்டாவ. டி.சி. வாங்கப் போறாவளாம். அடுத்த மாசம் பரிச்ச. நான் என்னத்தச் சொல்ல?"

யாரும் சொல்லவில்லை என்றிருக்கிறாள்.

கோதை வாயைத் திறந்தாள். அந்த நேரம் கொட்டுச் சத்தம் எழுந்தது. "தூக்கப் போறாக, மக எங்க? மகளக் கூப்பிடுங்க," என்று உள்ளேயிருந்து உப்பிலி கத்தினார். யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்துப்போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த ஆண்டாள் கோயில் துளசியை அவள் கையில் திணித்து, வாயில் போடச் சொன்னார்கள். அப்பாவின் உதடுகள் இறுக மூடியிருந்தன. துளசி உதட்டின் மேலேயே இருந்தது.

ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். அடுப்படியிலிருந்து தெருவரை தண்ணீர் ஓடியது. மூலையில் ஓர் ஒயர் கூடை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அப்பாவின் அறையிலிருந்து வந்த சாமான்கள். கண்ணாடி, செருப்பு, திறக்காத தூக்குச்சட்டி, பிளாஸ்க்.

"அதையும் கழுவிரு," என்றாள் அம்மா. தலையில் ஈரத்தோடு கிணற்றடிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

கோதை கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வாழைக்குப் பக்கத்தில் வைத்தாள். தூக்குச்சட்டியைத் திறந்தாள். சோறு வாடை அடித்தது. தூரில் கொட்டினாள். ஊறுகாய் வைக்கும் சின்னக் கிண்ணம் சுத்தமாக இருந்தது.

பிறகு பிளாஸ்க்கை எடுத்தாள்.

எடுத்தபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. அவள் தினமும் நிரப்புகிற பிளாஸ்க் அது. நிரப்பி மூடித் தூக்கும்போது இருக்கும் கனம் அவள் மணிக்கட்டுக்குத் தெரியும். இது அந்தக் கனம் இல்லை.

மூடியைக் கழற்றினாள். அப்பா மூடியில் ஊற்றித்தான் குடிப்பார். மூடியின் அடியில் டீ உலர்ந்து ஒரு வளையம். நேற்றுக் காலையில் அவள் தேய்த்துக் கழுவி வைத்த மூடி.

இன்டர்வெல் மணி அடிக்காமல் அப்பா டீயைத் தொட மாட்டார். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில்தான் வாத்தியாரும் குடிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது தெரியும். அப்போது ஒரு மூடி, சாப்பாட்டுக்குப் பிறகு மிச்சம்.

அப்படியானால் இன்டர்வெல்லில் அவர் இருந்தார். உட்கார்ந்து டீ குடித்தார். மூடியை மறுபடி திருகி வைத்தார். அதற்குப் பிறகு, நாலாவது பீரியடில், ஏதோ விழுந்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டு மணி. அதற்குப் பிறகு அவள்.

அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு உள்ளே கேட்டிருக்குமா?

வாழை இலைகள், கிணற்றுக் கயிறு, அம்மாவின் ஈரத்தலை எல்லாமே இருந்த இடத்தில் இருந்தன. அவள் பிளாஸ்க்கைக் கவிழ்த்தாள். கறுத்துப்போன டீ வாய்க்காலில் விழுந்தது. கொஞ்ச நேரம்தான் விழுந்தது. சட்டென்று நின்றுவிட்டது.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். டீயைப் பார்த்தாளா, வாய்க்காலைப் பார்த்தாளா, தெரியவில்லை.

கோதை மூடியில் சாம்பலைப் போட்டு அந்த வளையம் போகும்வரை தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பிய பிறகு காதர் வந்தார். கிரீஸ் கறை போகாத விரல்களால் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நூர்பானு தாவணியை இழுத்துப் போர்த்தியிருந்தாள். இரண்டு நாளில் முகம் சுருங்கிவிட்டது. வாசலில் சங்கிலிப்பாண்டி, உப்பிலி, சுந்தரபாண்டியன், இன்னும் நாலைந்து பேர். உள்ளே பெண்கள்.

"என்னவே காதர்," என்றார் சங்கிலிப்பாண்டி. "புள்ளைய எதுக்குக் கூட்டியாந்த? இங்கயும் ஒரு கதவு இருக்கு, காவலுக்கு நிறுத்தவா?"

காதர் அவரைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, எம் மவ செஞ்சது தப்புத்தான். மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிரட்டும். பொறவு அவள நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறதில்ல. படிச்சது போதும்."

நூர்பானு நிலைப்படிக்கு வெளியே மண்டியிட்டாள்.

"எந்திரி," என்றாள் கோதை. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "அவ தட்டணும்னுதான் சொன்னா. நாந்தான் தட்டாதன்னேன்."

வெற்றிலை மென்றுகொண்டிருந்த சங்கிலிப்பாண்டியின் தாடை நின்றது.

"ஏட்டி, என்ன சொல்லுத?" என்றார் உப்பிலி.

"மத்தியானம் சோறு கொண்டு போனேன்லா. 'அக்கா, சத்தம் கேட்டுச்சு, தட்டவா'ன்னு கேட்டா. 'அப்பா வெளையாடுதாவ, தட்டிராத'ன்னுட்டுச் சிரிச்சேன். சிரிச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

"இல்ல," என்றாள் நூர்பானு. "அக்கா ஒண்ணும் சொல்லல. அக்கா பொய் சொல்லுதாங்க."

"ஏளா, நீ சும்மா இரு."

"நாந்தானே தலைவர்? யாரு சொன்னா என்ன? நாந்தானே தட்டியிருக்கணும்?"

சுந்தரபாண்டியன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அன்றைக்கு அந்தக் கதவை எத்தனையோ தடவை கடந்து போனவர்தான்.

நூர்பானு நிமிர்ந்து கோதையைப் பார்த்தாள். "அப்பம் தட்டியிருந்தா சார் இருந்திருப்பாங்கல்லக்கா?"

அதற்குத்தான் வந்திருக்கிறாள். மன்னிப்புக்கு இல்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள். கோதைக்கு அது விளங்கியது. விளங்கியபோது பதிலும் வாய்க்குள் வந்துவிட்டது. முந்தி யோசிக்காத, அமைத்துப் பார்க்காத வாக்கியம்.

"அப்பா இன்டர்வெல் டீயே குடிக்கல, நூர்பானு."

"என்னக்கா?"

"பிளாஸ்க் நெறைய அப்படியே இருந்துச்சு. நாந்தான் கொட்டுனேன்."

நூர்பானுவின் உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுகிற பிள்ளையின் முகம். "மூடி?" என்றாள்.

"காஞ்சு கெடந்துச்சு. நான் கழுவி வச்ச மாதிரியே."

"அப்பம் அந்தச் சத்தம்?"

"அந்த ரூம்ல மேப்பெல்லாம் செவுத்துல சாத்தித்தான வச்சிருக்கும்? எலி தள்ளியிருக்கும். அப்பா அதுக்கு முந்தியே... நீங்கள்லாம் பிரேயர்ல பாடிக்கிட்டிருந்திருப்பிய. யாருக்குக் கேக்கும்?" கோதை சுந்தரபாண்டியனைப் பார்த்தாள். "என்ன சார்?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, சும்மா ஆட்டினாரா, தெரியவில்லை.

நூர்பானு இன்னும் நம்பவில்லை. பார்வை கோதையைத் தாண்டி உள்ளே போயிற்று. தலைமாட்டில் ஏற்றிய விளக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக யாரோடும் சரியாகப் பேசாதவள்.

"முழுசாத்தான் இருந்துச்சு," என்றாள் அம்மா. "கொட்டும்போது நான் பக்கத்துல இருந்தேன். செத்த நேரமா விழுந்துச்சு? விழுந்துக்கிட்டே இருந்துச்சு."

கோதை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

நூர்பானு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. காதர் அவள் தலையில் கையை வைத்தார். சங்கிலிப்பாண்டி எழுந்து வெற்றிலையைத் துப்பப் போனார். போனவர் வாசலுக்குத் திரும்பாமல் தெருவோடு நடந்து போய்விட்டார்.

ஆயிஷா பீவி கொடுத்தனுப்பியிருந்த கஞ்சி காதர் கையில் ஒரு சின்னப் போணியில் இருந்தது. அவர் அதைத் திறந்து நீட்டினார். நூர்பானு அங்கேயே, வாசலில் குத்தவைத்து, மூச்சு விடாமல் குடித்தாள். குடித்து முடித்து வாயைத் துடைத்தாள்.

"நாளைக்குச் சனிக்கெழம," என்றாள் அம்மா. "பத்தாப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் உண்டுல்லா?"

"உண்டு பெரியம்மா. கணக்கு."

"கோத வந்து கூட்டிட்டுப் போவா."

"பதினாறு கழியாம வீட்டுப் பொண்ணு படியிறங்கலாமா?" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். காதர் போணியை மூடினார். டி.சி. என்ற பேச்சு மறுபடி எழவில்லை.

அவர்கள் போன பிறகு கோதை கிணற்றடிக்குப் போனாள். பிளாஸ்க் கைப்பிடிச் சுவரில் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். எட்டும்வரை உலர்ந்திருந்தது. மூடியை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தாள். வளையம் இல்லை. தேய்த்த கீறல்கள்தான் இருந்தன. அம்மா பின்னால் வந்து, அவள் கையிலிருந்து மூடியை வாங்கி, பிளாஸ்க்கில் பொருத்தி, இறுகத் திருகினாள். அம்மா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படிப் பரணில் பாத்திரங்களை நகர்த்தும் சத்தம் கேட்டது.

கோதை படியில் உட்கார்ந்து பையிலிருந்து டைரியை எடுத்தாள். புதன்கிழமைப் பக்கத்தில் 'நாளைய வேலை' என்பதற்கு எதிரே வெறுமையாக இருந்தது. வியாழன் எழுதவில்லை. அந்தத் தாளைத் திருப்பினாள்.

9-2-1990, வெள்ளி.
இன்றைய பிழை:

பேனாவை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். மை ஊறித் தாளில் ஒரு புள்ளி பெரிதாகியது. அடுத்த வரிக்குப் போனாள்.

நாளைய வேலை: முதல் மணி அடிப்பதற்கு முன் நூர்பானுவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும்.